400 மடங்கு பெருக்கியும் மைட்டோகாண்ட்ரியா தெரியவில்லை, நுண்ணோக்கி மட்டமா?

கேள்வி: ஜனவரி 8, இரவு 9.15

முதலாமாண்டு உயிரியல் ஆய்வகம். வெங்காயத் தோல், அயோடின், 40 எக்ஸ் லென்ஸ், கண்ணருகு லென்ஸ் 10 எக்ஸ். செல் சுவர் தெரிகிறது. உட்கரு மங்கலான மஞ்சள் புள்ளியாகத் தெரிகிறது. அவ்வளவுதான். மைட்டோகாண்ட்ரியா, கோல்கை, ரைபோசோம் எதையும் காணோம். எங்கள் நுண்ணோக்கி மட்டமானதா? 100 எக்ஸ் போட்டால் தெரியுமா? இல்லை, புத்தகப் படத்தைப் பார்த்தே வரைந்துவிடலாமா? நல்ல படமாகத் திரையில் காட்டினால் போதுமே, ஸ்லைடு தயாரிக்கும் வேலையெல்லாம் எதற்கு?

ஜனவரி 8, இரவு 10.40

நுண்ணோக்கியைக் குறை சொல்ல வேண்டாம். 40 எக்ஸ் லென்ஸின் பக்கவாட்டில் 40/0.65 என்று எழுதியிருக்கும். அந்த 0.65தான் முக்கியமான எண். அந்த லென்ஸ் கிட்டத்தட்ட அரை மைக்ரோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு புள்ளிகளைத்தான் இரண்டாகக் காட்டும். அதைவிட நெருங்கி இருந்தால் ஒன்றாகக் கலந்துவிடும். ரைபோசோம் 20 முதல் 30 நானோமீட்டர், ஆயிரம் நானோமீட்டர் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரோமீட்டர். செல் சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர். எத்தனை மடங்கு பெருக்கினாலும் பெரிய மங்கல்தான் கிடைக்கும். 100 எக்ஸ் எண்ணெய் லென்ஸ் போட்டாலும் கால் மைக்ரோமீட்டர் அளவோடு நின்றுவிடும். மைட்டோகாண்ட்ரியாவும் அப்படித்தான், ஒளி நுண்ணோக்கிக்கு எட்டாத அளவு.

புத்தகப் படத்தைப் பார்த்து வரைவதை மட்டும் செய்யாதீர்கள். பதினைந்து வருடமாக முதலாமாண்டு ஆய்வகத்தில் நிற்கிறேன். ஒவ்வொரு வருடமும் வெங்காயத் தோல் செல்லுக்குள் பச்சை பச்சையாகப் பசுங்கணிகம் வரைந்த தாள் வந்துவிடுகிறது. மண்ணுக்குள் வளரும் வெள்ளைச் செதிலில் பசுங்கணிகம் எங்கிருந்து வரும்? வரைந்தவர் கண்ணருகு லென்ஸைப் பார்க்கவில்லை, புத்தகத்தைப் பார்த்திருக்கிறார் என்பது தாளைப் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

ஜனவரி 9, காலை 6.30

நேற்று கேட்க மறந்துவிட்டேன். மேடைக்குக் கீழே, வெளிச்சம் வரும் துளையைப் பெரிதாக்கிச் சிறிதாக்கும் டயாஃப்ரம் நெம்புகோலைத் தொட்டீர்களா?

நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தொடுவதில்லை. விளக்கை முழுதாக வைத்து, டயாஃப்ரத்தையும் முழுதாகத் திறந்து வைத்துப் பார்க்கிறார்கள். வெளிச்சம் அதிகம் என்றால் நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு. செல்லுக்குள் இருப்பது பெரும்பாலும் நீர், அதற்கு நிறம் கிடையாது. அதன் வழியாக அத்தனை வெளிச்சத்தையும் பாய்ச்சினால் எல்லாம் வெள்ளையாகக் கரைந்துவிடும். டயாஃப்ரத்தை மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் செல் சுவருக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாக ஏதோ இருப்பது சட்டென்று எழுந்து வரும். அதையும் தாண்டி மூடினால் ஓரங்கள் தடித்துக் கறுத்து, இல்லாத கோடுகளெல்லாம் வரும். அங்கிருந்து கொஞ்சம் திருப்பித் திறங்கள். அந்த நடு இடம் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் வேறு வேறு. லென்ஸ் மாற்றினாலும் மாறும்.

ஜனவரி 9, இரவு 8.50

முதல் குறிப்பில் தவறு செய்துவிட்டேன். மைட்டோகாண்ட்ரியா ஒளி நுண்ணோக்கிக்கு எட்டாது என்று எழுதியது சரியல்ல. பழக்கத்தில் வந்துவிட்டது. நாள் முழுக்க அதுவே மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

கணக்கு போட்டால் தெரியும். மைட்டோகாண்ட்ரியாவின் அகலம் சாதாரணமாக அரை முதல் ஒரு மைக்ரோமீட்டர், நீளம் அதைவிடக் கூட. 40 எக்ஸ் லென்ஸின் எல்லை அரை மைக்ரோமீட்டர் என்று நானே எழுதியிருக்கிறேன். அப்படியென்றால் அளவு தடையில்லை. உள்ளே இருக்கும் மடிப்புகள்தான் எட்டாது, அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். முழு உருவம், புள்ளியாகவோ குச்சியாகவோ, எட்டக்கூடியதே. எலக்ட்ரான் நுண்ணோக்கி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, 1890இல் ஆல்ட்மன் அவற்றைச் சாயமேற்றிப் பார்த்து எழுதினார். 1898இல் பெண்டா வைத்த பெயர்தான் மைட்டோகாண்ட்ரியா. 1900இல் மிக்கேலிஸ், ஜானஸ் கிரீன் பி என்ற சாயம் உயிருள்ள செல்லிலேயே அவற்றுக்கு நீலப்பச்சை ஏற்றுவதைக் கண்டார்.

பிறகு ஏன் உங்களுக்குத் தெரியவில்லை? அவற்றைச் சுற்றியுள்ள செல் கூழான சைட்டோபிளாசத்துக்கும் அவற்றுக்கும் நிற வேறுபாடு இல்லை. தண்ணீருக்குள் கிடக்கும் கண்ணாடித் துண்டு மாதிரி. பெருக்கம் போதாமல் இல்லை, பிரித்துக் காட்டும் மாறுபாடு போதவில்லை. காலையில் டயாஃப்ரம் பற்றி எழுதியதும் இதே விஷயம்தான். எழுதும்போது இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

இயற்பியலாளர் செர்னிகேவுக்கு 1953இல் நோபல் பரிசு கிடைத்தது இதற்காகத்தான். அவருடைய ஃபேஸ் கான்ட்ராஸ்ட் முறை ஒரு மடங்கு கூடக் கூடுதலாகப் பெருக்கவில்லை. நிறமற்ற செல்லை வெளிச்சத்திலும் நிழலிலும் பிரித்துக் காட்டியது, அவ்வளவுதான். உயிரியலாளர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஜனவரி 10, மதியம் 1.20

உருண்டையாக, கறுத்த தடித்த ஓரத்தோடு, நடுவில் பளிச்சென்று இருந்தால் அது காற்றுக் குமிழ். செல் அல்ல. ஸ்லைடின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பை மேலே இருந்து தட்டென்று போட்டால் இப்படித்தான் வரும். ஓர் ஓரத்தை நீரில் தொடவைத்து, மறு ஓரத்தை ஊசியால் தாங்கிச் சாய்வாக இறக்குங்கள்.

ஜனவரி 10, இரவு 11.05

புத்தகப் படத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் முதலாமாண்டு படித்தபோது வெங்காயத் தோல் செல்லில் உட்கரு ஓரமாக, சுவரோடு ஒட்டி, தட்டையாக இருந்தது. இருந்தபடி வரைந்தேன். நோட்டைத் திருத்தியவர் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டு, செல்லின் நடுவில் அழகான வட்டம் ஒன்று போட்டுக் கொடுத்தார். நானும் அடுத்த வாரத்திலிருந்து வட்டம் வரைய ஆரம்பித்தேன். என் கண்ணில் கோளாறு என்றே நினைத்துக்கொண்டேன். பல வருடம் கழித்து நானே வகுப்பெடுக்கும்போதுதான் புரிந்தது, அந்த ஓரத்து உட்கருதான் சரி. முதிர்ந்த தாவர செல்லின் நடுவை முழுக்க வாக்குவோல் என்ற நீர்ப் பை நிரப்பிக்கொள்கிறது. சைட்டோபிளாசம் சுவரையொட்டிய மெல்லிய பூச்சுதான். உட்கருவுக்கு அந்தப் பூச்சுக்குள்தான் இடம்.

அதனால்தான் கேட்கிறேன், எதைப் பார்த்தீர்களோ அதை வரையுங்கள். மங்கலாக இருந்தால் மங்கல் என்று பக்கத்தில் எழுதுங்கள். நான் திருத்தும் தாளில் அப்படி எழுதியவருக்கு மதிப்பெண் குறைந்ததே இல்லை.

ஜனவரி 11, காலை 7.10

ஸ்லைடு 4 எக்ஸிலும் 10 எக்ஸிலும் நன்றாகத் தெரிகிறது, 40 எக்ஸில் என்ன திருகினாலும் குவியவில்லை என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். ஸ்லைடை எடுத்துப் பாருங்கள், கவர்ஸ்லிப் கீழ்ப்பக்கம் இருக்கும். கவர்ஸ்லிப்பின் தடிமன் 0.17 மில்லிமீட்டர், லென்ஸே அந்தக் கணக்கில் செய்ததுதான். ஸ்லைடோ கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர். தலைகீழாக வைத்தால் 40 எக்ஸ் லென்ஸ் அத்தனை கண்ணாடியைத் தாண்டிப் பொருளை எட்டாது. மேலும் அழுத்தினால் ஸ்லைடு உடையும், லென்ஸ் முகத்தில் கீறல் விழும்.

40 எக்ஸ் போட்ட பிறகு பெரிய திருகைத் தொடவே கூடாது. சின்னத் திருகு மட்டும்.

ஜனவரி 12, மாலை 6.00

அயோடினைப் பற்றி இரண்டாம் யோசனை.

அயோடின் போட்டால் உட்கரு நன்றாகத் தெரியும், அதனால் முதல் வகுப்பில் எல்லோரும் அதைத்தான் போடுகிறோம். ஆனால் அயோடின் செல்லைக் கொன்றுவிடுகிறது. நாம் மாணவர்களுக்கு உயிரின் அடிப்படை அலகு என்று சொல்லிக் காட்டுவது பிணம். பல வருடம் இது எனக்கு உறைக்கவே இல்லை.

ஒரு நாள் வகுப்பில் அயோடின் தீர்ந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் வெறும் நீரில் ஸ்லைடு போடச் சொன்னேன். பின்வரிசையில் ஒரு பெண் அழைத்து, சார், இதுக்குள்ள ஏதோ ஓடுது என்றாள். நம்பாமல்தான் போனேன். குனிந்து பார்த்தேன், டயாஃப்ரத்தைப் பாதி மூடினேன். சுவரையொட்டி, தூசு போன்ற மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போய்க்கொண்டிருந்தன. மூலைக்கு வந்ததும் திரும்பி அடுத்த சுவரைப் பிடித்துக்கொண்டன. சில மணிகள் நடுவே நின்று, கொஞ்சம் தடுமாறி, மறுபடி ஓடின. செல்லின் குறுக்கே நூல் மாதிரி ஒரு சைட்டோபிளாச இழை, அதிலும் ஓட்டம். எத்தனை நேரம் பார்த்தேன் என்று நினைவில்லை. அந்தப் பெண்தான், நான் பாக்கலாமா சார் என்று கேட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டாள். அன்று மற்ற ஸ்லைடு எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு வகுப்பு முழுக்க அந்த ஓட்டத்தைத் தேடினோம். ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைத்தது.

அந்த மணிகளில் எண்ணெய்த் துளிகளும் உண்டு, மைட்டோகாண்ட்ரியாவும் உண்டு. சாயம் இல்லாமல் எது எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்டவரே, நீங்கள் தேடியது அந்தக் கூட்டத்துக்குள்தான் இருக்கிறது.

ஜனவரி 12, இரவு 9.30

மேலே எழுதியதோடு சேர்த்துக்கொள்ள: மணி இடத்திலேயே நின்று நடுங்கினால் அது வேறு. அதற்குப் பெயர் பிரௌன் அசைவு, உயிரில்லாத தூளிலும் நடக்கும். ராபர்ட் பிரௌன் 1827இல் மகரந்தத்துக்குள் இருந்த நுண்துகள்களில் அதைக் கவனித்து, பிறகு கல்லை அரைத்த தூளிலும் அதே நடுக்கத்தைப் பார்த்தார். உயிரால் வருவது அல்ல என்று அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. ஒரே திசையில் தொடர்ந்து ஓடினால்தான் செல் ஓட்டுகிறது என்று அர்த்தம். இதே பிரௌன்தான் 1831இல் ஆர்க்கிட் செல்களில் உட்கருவைப் பார்த்து அதற்குப் பெயர் வைத்தவரும். அந்தத் திறமைக்கு அடியில் இருந்தது பொறுமை என்றே எனக்குப் படுகிறது.

ஜனவரி 13, மாலை 5.45

பிம்பம் தலைகீழாகத் தெரிவதைக் காட்ட எழுத்தை ஒட்டிய ஸ்லைடு போடுவார்கள். ஆங்கில எழுத்துத்தான் வேண்டும் என்றில்லை. செய்தித்தாளில் இருந்து ஒரு 'ட' வெட்டிப் போடுங்கள், 4 எக்ஸில் 7 மாதிரி தெரியும். மேல் கீழாகவும் இடம் வலமாகவும் சேர்ந்து திரும்பியிருப்பது ஒரே பார்வையில் புரிந்துவிடும். 'ப' போடாதீர்கள். அதன் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் மேல் கீழ் திரும்பியது மட்டும்தான் தெரியும், இடம் வலம் திரும்பியது தெரியாது. நான் ஒரு வருடம் முழுக்க 'ப' ஒட்டிய ஸ்லைடையே வைத்துப் பாடம் எடுத்தேன். அந்த வருட மாணவர்களுக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும் என்பது இன்றும் வருத்தம்.

ஸ்லைடை வலப்பக்கம் தள்ளினால் பிம்பம் இடப்பக்கம் ஓடுவதும் இதனால்தான். பத்து நிமிடம் பழகினால் கை தானாகவே சரியான பக்கம் போகும்.

ஜனவரி 14, இரவு 10.15

செல் சவ்வு 7, 8 நானோமீட்டர், தெரியாது என்று முதல் நாள் எழுதினேன். அதில் மாற்றமில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று காட்ட முடியும், அதுவும் இதே ஆய்வகத்தில்.

சிவப்பு வெங்காயத்தின் செதிலில் நிறமுள்ள வெளிப்பக்கத் தோலை உரியுங்கள். வாக்குவோலில் இயற்கையாகவே நிறம் இருக்கும், சாயம் வேண்டாம். நீரில் போட்டு, செல் முழுக்கச் சுவர் வரை சிவப்பு பரவியிருப்பதைப் பாருங்கள். அப்புறம் 100 மில்லி நீரில் 5 கிராம் உப்பு கரைத்து, கவர்ஸ்லிப்பின் ஓர் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். எதிர் ஓரத்தில் வடிதாளை ஒற்றினால் உப்பு நீர் உள்ளே இழுக்கப்படும். கண்ணை எடுக்காதீர்கள். முதலில் செல்லின் மூலைகளில் சிவப்பு விலகும். பிறகு பக்கவாட்டில். கடைசியில் ஒரு சிவப்புப் பை நடுவில் சுருங்கி நிற்கும், சுற்றிலும் காலியான அறை. அந்தப் பையின் விளிம்பில்தான் சவ்வு இருக்கிறது. நிறமும் அடர்ந்து காட்டும், ஏனென்றால் நீர்தான் வெளியேறியது, நிறமி அங்கேயே இருக்கிறது. இப்போது வெறும் நீரை அதே மாதிரி ஒற்றி இழுத்தால் பை மறுபடி உப்பிச் சுவரைத் தொடும்.

ஒரு முறை அயோடின் போட்ட ஸ்லைடிலேயே உப்பு நீரை விட்டுவிட்டு, ஒன்றும் நடக்கவில்லையே என்று உட்கார்ந்திருந்தோம். நடக்காது. செத்த செல்லின் சவ்வு எதையும் தடுத்து நிறுத்துவதில்லை. அந்தத் தோல்வியையே இப்போது வேண்டுமென்று செய்து காட்டுகிறேன். ஒரே வெங்காயம், ஒரே உப்பு நீர், ஒரு ஸ்லைடில் சுருங்குகிறது, இன்னொன்றில் சுருங்கவில்லை. உயிருள்ள சவ்வு என்றால் என்ன என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

ஜனவரி 15, காலை 6.50

இதையும் சொல்லிவிடுகிறேன். கன்னத்தின் உட்பக்கச் செல்லை மெத்திலீன் ப்ளூவில் பார்க்கும்போது, பெரிய தட்டையான செல்லின் மேல் அடர்நீலத் துளிப்புள்ளிகள் ஒட்டியிருக்கும். சாயக் கறை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அவற்றில் பல, வாயில் வாழும் பாக்டீரியாக்கள். குறுக்களவு ஏறக்குறைய ஒரு மைக்ரோமீட்டர். அதாவது மைட்டோகாண்ட்ரியாவின் அளவு! உங்கள் நுண்ணோக்கியில் அந்தப் புள்ளிகள் தெரிந்தால் நுண்ணோக்கியில் குறையில்லை என்பதற்கு அதுவே சாட்சி. சாயம் பிடித்ததால் பாக்டீரியா தெரிகிறது, சாயம் பிடிக்காததால் மற்றது தெரியவில்லை.

கன்னத்தைச் சுரண்டிய குச்சியையும் ஸ்லைடையும் அப்படியே குப்பையில் போடாதீர்கள். பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்த பிறகுதான்.

ஜனவரி 15, இரவு 9.00

செல் எவ்வளவு பெரியது என்று கேட்டவருக்கு. கண்ணருகு லென்ஸில் 10 எக்ஸ்/18 என்று இருந்தால், 18ஐப் பொருளருகு லென்ஸின் எண்ணால் வகுங்கள். 4 எக்ஸில் தெரியும் வட்டம் 4.5 மில்லிமீட்டர், 10 எக்ஸில் 1.8, 40 எக்ஸில் 0.45. பத்தில் பார்க்கும்போது வெங்காயச் செல் நீளவாக்கில் ஐந்து அடங்கினால் ஒன்று 0.36 மில்லிமீட்டர், அதாவது 360 மைக்ரோமீட்டர். படத்துக்குப் பக்கத்தில் இந்த அளவை எழுதுங்கள். 400 மடங்கு என்று மட்டும் எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

ஜனவரி 17, காலை 8.30

10ஆம் தேதிக் குறிப்பைத் திருத்த வேண்டும். உட்கரு ஓரத்தில்தான் இருக்கும் என்று உறுதியாக எழுதினேன். நேற்று ஒரு மாணவர், எனக்கு மூன்று செல்லில் நடுவில் வட்டமாகவே தெரிகிறதே என்று காட்டினார். உண்மைதான், தெரிந்தது. சின்னத் திருகை மெல்லத் திருப்பினோம். பக்கச் சுவர்கள் தெளிவாக இருக்கும்போது அந்த வட்டம் மங்கியது. வட்டம் தெளிந்தபோது சுவர்கள் மங்கின. அந்த உட்கரு செல்லின் நடுவில் இல்லை, மேல் சுவரிலோ கீழ்ச் சுவரிலோ ஒட்டியிருக்கிறது. நாம் மேலே இருந்து பார்ப்பதால் நடுவில் இருப்பதாகத் தோன்றுகிறது. பக்கச் சுவரில் ஒட்டியது தட்டையாகத் தெரியும், மேல் சுவரில் ஒட்டியது வட்டமாகத் தெரியும். இரண்டும் ஒரே வடிவம்தான்.

40 எக்ஸில் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஒரு மைக்ரோமீட்டர் அளவுதான். செல்லோ அதைவிடப் பல மடங்கு தடிமன். அதனால் பார்க்கும்போது சின்னத் திருகில் ஒரு கை எப்போதும் இருக்கட்டும். என் நோட்டில் வட்டம் போட்டவரும் ஒருவேளை அப்படி ஒரு செல்லைப் பார்த்தவராக இருக்கலாம். ஆனால் என்னுடையதை அடித்திருக்க வேண்டியதில்லை.

ஜனவரி 18, இரவு 10.00

திரையில் படம் காட்டினால் போதாதா என்ற கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

திரையில் இருப்பது யாரோ வெளிச்சத்தைச் சரிசெய்து, ஆழத்தைத் தேர்ந்தெடுத்து, குமிழ் இல்லாத இடத்தைப் பிடித்து எடுத்த படம். அத்தனை முடிவுகளையும் அவர் எடுத்துவிட்டார். பார்ப்பவருக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. 1665இல் தக்கைத் துண்டில் சின்னச் சின்ன அறைகளைப் பார்த்து செல் என்று பெயர் வைத்த ராபர்ட் ஹூக், நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தின் வழியாக விளக்கொளியைக் குவித்துப் பொருளின் மேல் விழவைத்தார். ஒரு பொருளைப் பல வெளிச்சத்தில், பல கோணத்தில் பார்த்து அதன் உண்மை வடிவம் பிடிபடும் வரை வரையத் தொடங்குவதில்லை என்று தன் மைக்ரோகிராஃபியா நூலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். மேடு எது, பள்ளம் எது, நிழல் எது, கறை எது என்று குழம்பும் என்பதும் அதிலேயே இருக்கிறது. குமிழா செல்லா என்று நம் மாணவர் குழம்புவதும் அதே குழப்பம்தான். அந்தக் குழப்பத்தைத் தானே கடக்க அவருக்கு ஒரு ஸ்லைடும் ஒரு மணி நேரமும் கொடுத்தே ஆக வேண்டும். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

படமும் காட்டுங்கள். ஸ்லைடு பார்த்து வரைந்த பிறகு.

ஜனவரி 21, இரவு 7.25

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அயோடின் இல்லாமல் நீரில் போட்டாராம், டயாஃப்ரத்தைப் பாதி மூடியதும் மணிகள் ஓடுவது தெரிந்ததாம். ஒரே இழையில் இரண்டு மணிகள் எதிரெதிர்த் திசையில் போயின, அது தன் கண் செய்த பிழையா என்று கேட்கிறார்.

பிழை இல்லை. ஒரே இழையில் இரண்டு பக்கமும் ஓட்டம் நடக்கும், நானும் பார்த்திருக்கிறேன். பார்த்தபடியே இரண்டு அம்புக்குறி போட்டு வரையுங்கள். அப்புறம் அந்த இழையை விடாமல் பிடித்துக்கொண்டு, சின்னத் திருகைத் துளித்துளியாகத் திருப்பி, அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் உட்கருவில் போய்ச் சேரும்.